எத்தனை பேர் என்று கேட்கும் முன், எந்தச் சோதனை என்று முடிவு செய்யுங்கள்

"எத்தனை சாம்பிள் எடுத்தால் போதும்?" ஆய்வு தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: "எடுத்த பிறகு அதை வைத்து என்ன புள்ளியியல் சோதனை செய்யப் போகிறீர்கள்?" பாதிப் பேர் அங்கேயே விழிப்பார்கள். மீதிப் பேர், "அதெல்லாம் டேட்டா வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. செய்யப்போகும் சோதனையைப் பொறுத்ததுதான் மாதிரி அளவு. சோதனை மாறினால் எண்ணும் மாறும், சில சமயம் பாதியாகவும் சில சமயம் நான்கு மடங்காகவும்.

பலர் கையோடு ஒரு எண்ணைக் கொண்டுவருவார்கள்: 384. கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் 1970-இல் வெளியிட்ட அட்டவணையில் உள்ள எண் அது. மிகப் பெரிய மக்கள்தொகையில் ஏதோ ஒரு விகிதத்தை, 5 சதவீதப் புள்ளி முன்னே பின்னே, 95% நம்பிக்கையுடன் மதிப்பிட எத்தனை பேர் வேண்டும் என்பதே அந்தக் கணக்கு. 1.96-இன் வர்க்கத்தை 0.5 × 0.5-ஆல் பெருக்கி, 0.05-இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16 வரும். "எத்தனை சதவீதம் பேர் ஆதரிக்கிறார்கள்?" என்ற கருத்துக்கணிப்புக்கு அது பொருந்தும். இரண்டு குழுக்களை ஒப்பிடுகிறவருக்கும், ஒரே ஆட்களை இரண்டு முறை அளப்பவருக்கும் அந்த அட்டவணையில் பதிலே கிடையாது. "30 பேர் இருந்தால் போதும்" என்ற வாய்மொழி விதியும் இதே ரகம்தான். எவ்வளவு வித்தியாசத்தைத் தேடுகிறீர்கள் என்று கேட்காத விதி எப்படிப் போதும் என்று சொல்லும்?

இந்தக் கட்டுரை முழுக்க ஓர் எடுத்துக்காட்டையே வைத்துக்கொள்வோம். படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்க்கும் ஒரு புதிய பயிற்சி முறை. அதில் படித்தவர்கள் 100 மதிப்பெண் தேர்வில் கூடுதலாக எடுக்கிறார்களா என்று பார்க்கப் போகிறோம். மதிப்பெண்களின் திட்ட விலக்கம், அதாவது அவை சராசரியிலிருந்து சிதறிக் கிடக்கும் அளவு, 16. சராசரியில் 8 மதிப்பெண் கூடினால்தான் இந்த முறையைப் பரிந்துரைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இந்த 8-ம் 16-ம் கடைசி வரை மாறாது. சோதனை மாறும்போது ஆட்களின் எண்ணிக்கை என்னவாகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

முதல் படி: முடிவு வாக்கியத்தை இன்றே எழுதுங்கள்

ஒரு தாளில் ஆய்வேட்டின் முடிவுகள் பகுதியில் வரப்போகும் முக்கியமான ஒரே வாக்கியத்தை, எண்களுக்குக் கோடிட்ட இடம் விட்டு எழுதுங்கள். "பயிற்சி பெற்ற குழுவின் சராசரி ___, மற்ற குழுவின் சராசரி ___, வித்தியாசம் ___, இதற்கு ___ சோதனை பயன்படுத்தப்பட்டது." கடைசிக் கோட்டை நிரப்ப முடியவில்லை என்றால் மாதிரி அளவுக் கணக்குக்கு நேரம் இன்னும் வரவில்லை.

அதை நிரப்ப மூன்று கேள்விகள் உதவும். நீங்கள் அளப்பது என்ன வகை: மதிப்பெண் போன்ற எண்ணா, தேர்ச்சி / தோல்வி போன்ற ஆம்-இல்லையா, தர வரிசையா, ஒரு நிகழ்வு நடக்க எடுக்கும் காலமா? எத்தனை குழுக்கள்? ஒப்பிடப்படுகிறவர்கள் வெவ்வேறு ஆட்களா, அதே ஆட்களின் இரண்டு அளவீடுகளா? மூன்றாவது கேள்வியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்.

வாக்கியம் ஒன்றுதான் இருக்க வேண்டும். பத்து நோக்கங்கள் உள்ள ஆய்வுகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் எது முதன்மை என்று எழுதியிருக்காது. மாதிரி அளவு முதன்மை நோக்கத்துக்கே கணக்கிடப்படும். இரண்டு நோக்கங்கள் சமமாக முக்கியம் என்றால் இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கணக்குக்குள் போகும் நான்கு எண்கள்

முதல் எண் ஆல்ஃபா. இல்லாத வித்தியாசத்தை இருக்கிறது என்று தவறாகச் சொல்ல நாம் அனுமதிக்கும் அளவு அது, வழக்கமாக 0.05, இருபக்கச் சோதனை (வித்தியாசம் கூடுதலாக இருந்தாலும் குறைவாக இருந்தாலும் பார்ப்பது). இரண்டாவது பவர் என்று எல்லோரும் சொல்லும் சோதனைத் திறன். உண்மையில் வித்தியாசம் இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு அது; வழக்கமாக 80% அல்லது 90%. இவை இரண்டையும் பற்றி அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். உங்கள் துறை வழக்கத்தைப் பின்பற்றினால் போதும்.

மண்டையை உடைக்க வேண்டியது மற்ற இரண்டுக்கு: நீங்கள் பிடிக்க விரும்பும் வித்தியாசம், அளவீட்டின் சிதறல். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கிடைப்பதே விளைவு அளவு. நம் எடுத்துக்காட்டில் 8 ÷ 16 = 0.5. உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 0.2, 0.5, 0.8 ஆகியவற்றைச் சிறிது, நடுத்தரம், பெரிது என்று பெயரிட்டதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். வேறு எந்தத் தகவலும் இல்லாதபோது மட்டும் பயன்படுத்த வேண்டியவை என்று அவரே எச்சரித்ததை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. "நடுத்தர விளைவை எதிர்பார்க்கிறோம்" என்பதைவிட "8 மதிப்பெண்ணுக்குக் குறைந்தால் யாருக்கும் பயனில்லை" என்பது எவ்வளவோ மேல். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் காரணம் கேட்டால் சொல்ல ஒரு பதில் இருக்கும்.

சிதறலைப் பழைய ஆய்வுகளிலிருந்து எடுங்கள். 12 பேரிடம் முன்னோட்டம் பார்த்துத் திட்ட விலக்கம் 16 என்று கிடைத்ததாக வையுங்கள். அதன் 95% நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு, கிட்டத்தட்ட 11 முதல் 27 வரை நீளும். 27-தான் உண்மை என்றால் அடுத்த படியில் நாம் கணக்கிடப்போகும் குழுவுக்கு 64 என்ற எண் போதாது, 180-க்கு மேல் வேண்டும். முன்னோட்டத்தை நடைமுறைச் சிக்கல்களைக் கண்டுபிடிக்க வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசத்தையும் சிதறலையும் அதை மட்டும் நம்பி எடுக்காதீர்கள்.

மூன்றாம் படி: சோதனையைப் பொருத்துங்கள்

முதலில் எளிய நிலை. இரண்டு தனித்தனிக் குழுக்கள், ஒரே ஒரு தேர்வு, சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை. கையாலேயே போடக்கூடிய குறுக்குவழி ஒன்று உண்டு: 16-ஐ விளைவு அளவின் வர்க்கத்தால் வகுங்கள் (இந்த 16 குறுக்குவழியின் மாறாத எண், நம் திட்ட விலக்கமான 16 அல்ல). 16 ÷ 0.25 = 64. 80% திறனுக்கு ஒரு குழுவில் 64 பேர், மொத்தம் 128. மென்பொருளும் இதையே சொல்லும். 90% திறன் வேண்டுமானால் குழுவுக்கு 86. தேடும் வித்தியாசம் 8-இலிருந்து 4 ஆனால் குழுவுக்கு 250-ஐத் தாண்டும். வித்தியாசம் பாதியானால் ஆட்கள் நான்கு மடங்கு. குழுக்கள் சமமாக இருந்தால் மொத்த எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும். 2-க்கு 1 என்று பிரித்தால் அதே திறனுக்கு 128-க்குப் பதில் 144 தேவைப்படும்.

இப்போது ஒருவர் வந்து, "தனிக் குழு வேண்டாம், அதே மாணவர்களைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் சோதிக்கிறேன்" என்கிறார். இது இணைந்த டி-சோதனை. இங்கே 16 என்ற திட்ட விலக்கம் நேரடியாகப் பயன்படாது. ஒவ்வொருவரின் முன்-பின் வித்தியாசங்களுக்கு என்ன திட்ட விலக்கம் என்பதே வேண்டும். அது இரண்டு தேர்வுகளுக்கும் இடையிலான ஒட்டுறவை, அதாவது இரண்டு மதிப்பெண்களும் எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை, பொறுத்தது. ஒட்டுறவு 0.5 என்றால் மொத்தம் 34 பேர் போதும். 0.8 என்றால் ஏறத்தாழ 15. 0.2 என்றால் 53. முன்மொழிவுகளில் இந்த ஒட்டுறவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல் "மாதிரி அளவு 34" என்று மட்டும் இருந்தால், மென்பொருளில் விளைவு அளவு 0.5 என்று அடித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த 0.5 எதை எதால் வகுத்தது என்று கேளுங்கள்.

128 எங்கே, 34 எங்கே! ஆசை வருவது இயல்பு. ஆனால் ஒப்பிடக் குழு இல்லாமல் முன்னும் பின்னும் மட்டும் பார்த்தால், இடையில் மாணவர்கள் தாமாகவே படித்து முன்னேறியதும் பயிற்சியின் கணக்கிலேயே சேரும். எண் குறைகிறது என்பதற்காக மட்டும் வடிவமைப்பை மாற்றாதீர்கள்.

சரியான வழி பெரும்பாலும் இரண்டும் கலந்தது: இரண்டு குழுக்கள், இரண்டிலும் முன்தேர்வும் பின்தேர்வும். இங்கே மூன்று விதமாகப் பகுப்பாய்வு செய்யலாம். மூன்றுக்கும் எண் வேறு. பின்தேர்வை மட்டும் ஒப்பிட்டால் பழைய 64-தான். ஒவ்வொருவரின் முன்னேற்றத்தைக் கணக்கிட்டு அதைக் குழுக்களிடையே ஒப்பிட்டால், 64-ஐ 2 × (1 − ஒட்டுறவு)-ஆல் பெருக்க வேண்டும். முன்தேர்வைக் கட்டுப்பாட்டு மாறியாக வைத்து அன்கோவா (முன்தேர்வு வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிட்டுப் பின்தேர்வுச் சராசரிகளை ஒப்பிடும் முறை) செய்தால், 64-ஐ (1 − ஒட்டுறவின் வர்க்கம்)-ஆல் பெருக்க வேண்டும்.

ஒட்டுறவு 0.6 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். முன்னேற்ற ஒப்பீட்டுக்குக் குழுவுக்கு 52, அன்கோவாவுக்கு 41. ஒட்டுறவு 0.3 என்றால் அன்கோவாவுக்கு 59. முன்னேற்ற ஒப்பீட்டுக்கு 90! அதாவது முன்தேர்வே வைக்காமல் இருந்திருந்தால் ஆன 64-ஐவிட மோசம். ஒட்டுறவு 0.5-க்குக் கீழே போனால் முன்-பின் கழித்தல் சிதறலைக் கூட்டத்தான் செய்யும். ஆட்களை எந்தக் குழுவில் சேர்ப்பது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்த ஆய்வுகளில் நான் கண்ணை மூடிக்கொண்டு அன்கோவாவைத்தான் பரிந்துரைப்பேன்.

இதே வடிவமைப்பில் அடிக்கடி நடக்கும் ஒரு விபத்தையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் குழுவுக்குள் ஒரு இணைந்த டி-சோதனை, மற்ற குழுவுக்குள் இன்னொன்று. முதலாவதில் பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதைவிட அதிகமோ வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழ், இரண்டாவதில் மேல். ஆகவே பயிற்சி பலித்தது என்று முடிவு. குழுவுக்கு 34 என்ற திட்டமும் இதற்கேற்றாற்போல் வந்ததுதான். அங்கே குழுக்களை ஒப்பிடும் சோதனை எதுவுமே நடக்கவில்லை. ஆய்வின் கேள்வி குழுக்களுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பற்றியது என்றால், கணக்கும் அதைச் சோதிக்கும் சோதனைக்கே இருக்க வேண்டும்.

அடுத்து, மதிப்பெண்ணைத் தூக்கிப்போட்டுவிட்டுத் தேர்ச்சி / தோல்வி என்று மட்டும் பார்க்கிறவர்கள். "புரிந்துகொள்ள எளிது" என்பார்கள். விலையைப் பாருங்கள். மதிப்பெண்கள் மணி வடிவ இயல்நிலைப் பரவலில் இருந்து, தேர்ச்சிக் கோடு இரண்டு சராசரிகளுக்கும் நடுவில் இருந்தால், அதே 8 மதிப்பெண் வித்தியாசம் ஏறத்தாழ 60%, 40% என்ற தேர்ச்சி விகிதங்களாக மாறும். இதை விகிதங்களை ஒப்பிடும் கை-வர்க்கச் சோதனையில் பிடிக்கக் குழுவுக்கு 100 பேர் வேண்டும். 64 பேருக்குத் திட்டமிட்டுவிட்டு, முடிவில் தேர்ச்சி விகிதத்தை ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் குறைகிறார்கள் என்று பொருள்.

விகிதங்களில் இன்னொரு பொறி, வித்தியாசம் ஒன்றாக இருந்தாலும் அது எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். 50%-க்கும் 60%-க்கும் இடையிலான வித்தியாசத்தைப் பிடிக்கக் குழுவுக்கு 388. 10%-க்கும் 20%-க்கும் இடையே என்றால் 199. "10 சதவீதப் புள்ளி வித்தியாசம்" என்று மட்டும் எழுதினால் கணக்கு முடியாது. அந்த 199-ம் சாதாரணக் கை-வர்க்கச் சோதனைக்கானதுதான். தொடர்ச்சித் திருத்தத்தோடு (பி மதிப்பைச் சற்றுக் கூட்டிக் காட்டும் சிறு திருத்தம்) செய்யப்போகிறீர்கள் என்றால் 219. ஃபிஷரின் துல்லியச் சோதனைக்கும் ஏறக்குறைய அதே அளவு தேவைப்படும். ஒரு சோதனையை நினைத்து 199 எடுத்துவிட்டு, மென்பொருள் அச்சிட்ட மூன்று வரிகளில் "பாதுகாப்பானது" என்று ஃபிஷர் வரியை எடுத்து எழுதுகிறவர், தாம் திட்டமிட்ட 80%-ஐவிடக் குறைந்த திறனில் ஆய்வை முடித்திருக்கிறார்.

அதே ஆட்களின் தேர்ச்சியை முன்னும் பின்னும் ஒப்பிட்டால் மெக்நெமர் சோதனை. அதில் நிலை மாறியவர்கள் மட்டுமே பேசுவார்கள். 15% பேர் தோல்வியிலிருந்து தேர்ச்சிக்கும் 5% பேர் தேர்ச்சியிலிருந்து தோல்விக்கும் மாறினால் 155 பேர் போதும். 25%, 15% என்று மாறினால் நிகர உயர்வு அதே 10 புள்ளிதான். ஆனால் 312 பேர் வேண்டும்.

மதிப்பெண்கள் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும் என்று முன்பே தெரிந்தால்? மதிப்பெண்களுக்குப் பதில் அவற்றின் தர வரிசையை ஒப்பிடும் மான்-விட்னி சோதனைக்குத் திட்டமிடுங்கள். "அது பலவீனமான சோதனை, இரண்டு மடங்கு ஆட்கள் வேண்டும்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், அது உண்மையில்லை. தரவு சரியான இயல்நிலைப் பரவலில் இருந்தால்கூட, பெரிய மாதிரிகளில் டி-சோதனையோடு ஒப்பிட இதன் செயல்திறன் 95.5%. மையம் மட்டும் நகர்ந்து வடிவம் மாறாத எந்தப் பரவலிலும் அது 86.4%-க்குக் கீழே போகாது. ஆகவே 64 என்பது 67 ஆகும், மிக மோசமாகப் போனால் 75. வால் நீண்ட பரவல்களில் டி-சோதனையையே முந்திவிடும். டி-சோதனைக்கான எண்ணோடு 15% கூட்டிக்கொள்ளும் நடைமுறை இங்கிருந்து வந்ததுதான்.

மூன்று குழுக்கள் வந்தால் குழப்பமும் மூன்று மடங்கு. பல குழுக்களின் சராசரிகளை ஒரே நேரத்தில் ஒப்பிடும் அனோவாவுக்கு மென்பொருள் கேட்கும் விளைவு அளவு வேறு அளவுகோலில் உள்ளது; அங்கே "நடுத்தரம்" என்பது 0.25. பழக்கத்தில் 0.5 என்று அடித்தால் மிகச் சிறிய எண் வந்து உங்களை மகிழ்விக்கும். 0.25 என்று சரியாக அடித்தால் குழுவுக்கு 53, மொத்தம் 159. ஆனால் உங்கள் ஆய்வேட்டின் கேள்வி என்ன? "மூன்றில் எங்கோ ஏதோ வித்தியாசம் இருக்கிறது" என்று சொல்ல யாரும் ஆய்வு செய்வதில்லை. எந்த முறை எதைவிட மேல் என்றுதான் கேட்கிறோம். ஒவ்வொரு சோடியிலும் 8 மதிப்பெண் வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும், மூன்று ஒப்பீடுகளுக்கும் போன்ஃபெரோனி திருத்தம் (ஆல்ஃபாவை ஒப்பீடுகளின் எண்ணிக்கையால் வகுப்பது) செய்யப்போகிறோம் என்றால் ஆல்ஃபா 0.05 ÷ 3, அதாவது 0.0167. அப்போது குழுவுக்கு 86, மொத்தம் 258. 159-க்குத் திட்டமிட்டு, சோடி ஒப்பீடுகளை வைத்து முடிவு எழுதும் ஆய்வுகள் ஏராளம்.

இடைவினையைத் தேடுகிறவர்களுக்கு ஒரு கெட்ட செய்தி. "பயிற்சியின் பலன் காலையில் படிப்பவர்களுக்கும் இரவில் படிப்பவர்களுக்கும் வேறுபடுகிறதா?" என்பது வித்தியாசங்களின் வித்தியாசம். அந்த வேறுபாடும் 8 மதிப்பெண் அளவுக்கு இருந்தால் மொத்தம் 128-இன் நான்கு மடங்கு வேண்டும். அதில் பாதி, 4 மதிப்பெண் என்றால் பதினாறு மடங்கு, இரண்டாயிரத்துக்கு மேல். இதைக் கேட்டதும் பெரும்பாலோர் அந்த நோக்கத்தைத் துணை நோக்கமாக இறக்கிவிடுவார்கள். அதுதான் நல்லதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு மாறிகளுக்கு இடையே 0.3 அளவு ஒட்டுறவைப் பிடிக்க 85 பேர். ஒரு நிகழ்வு நடக்கும் வரையான காலத்தை ஒப்பிடும் லாக்-ரேங்க் சோதனையில் ஆட்களைக் காட்டிலும் நிகழ்வுகளின் எண்ணிக்கையே கணக்கு: இடர் விகிதம் 0.7 (ஒரு குழுவில் நிகழ்வு நடக்கும் வேகம் மற்றதில் 70%) என்றால் இரண்டு குழுக்களிலும் சேர்த்து 247 நிகழ்வுகள் நடக்க வேண்டும். அத்தனை நிகழ்வுகள் நடக்க எத்தனை பேரை எவ்வளவு காலம் பின்தொடர வேண்டும் என்பது அடுத்த கணக்கு.

நான்காம் படி: கொத்துகளைக் கவனியுங்கள்

இது நானே அடிபட்டுக் கற்றது. வகுப்பு வகுப்பாக, அதாவது கொத்து கொத்தாக, ஆட்களை எடுத்துவிட்டு, தனித்தனியாக எடுத்ததுபோல் டி-சோதனைக்குக் கணக்குப் போட்டிருந்தேன். பகுப்பாய்வு நேரத்தில்தான் உறைத்தது. ஒரே வகுப்பில் இருப்பவர்கள் ஒரே ஆசிரியரிடம் படிக்கிறார்கள். அவர்களின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஐசிசி என்பது அந்த ஒற்றுமையின் அளவு. வடிவமைப்பு விளைவுக்கான வாய்பாடு: 1 + (ஒரு கொத்தில் உள்ளவர்கள் − 1) × ஐசிசி. வகுப்புக்கு 20 பேர், ஐசிசி 0.05 என்றால் 1 + 19 × 0.05 = 1.95. 0.05 என்பது பார்க்கச் சிறிய எண்தான், ஆனால் 128-ஐ 250 ஆக்கிவிடுகிறது. 20 பேர் கொண்ட வகுப்புகளாகப் பிரித்தால் குழுவுக்கு 7 வகுப்புகள், மொத்தம் 280 பேர்.

ஆட்களைக் கூட்டிவிட்டுப் பகுப்பாய்வில் சாதாரண டி-சோதனையே செய்தால் பயனில்லை. பி மதிப்பு பொய்யாகச் சிறுத்துக் காட்டும். கொத்தைக் கணக்கில் கொள்ளும் கலப்பு விளைவு மாடலோ, வகுப்புச் சராசரிகளை ஒப்பிடும் சோதனையோ வேண்டும். ஒரு வகுப்புக்குப் பயிற்சி, இன்னொரு வகுப்புக்கு இல்லை என்று மொத்தம் இரண்டே வகுப்புகள் என்றால், வகுப்புக்கு ஆயிரம் பேர் இருந்தாலும் எந்தச் சோதனையும் காப்பாற்றாது. பயிற்சியின் பலனையும் வகுப்பின் இயல்பையும் பிரித்தெடுக்க அங்கே வழியில்லை.

ஐந்தாம் படி: விட்டுப்போகிறவர்கள்

15% பேர் பாதியில் விலகுவார்கள் என்று எதிர்பார்த்தால், 128-ஐ 0.85-ஆல் வகுங்கள். 150.6 வரும், இரண்டு சம குழுக்களுக்காக 152 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.15-ஆல் பெருக்குவது பரவலான தவறு. அதில் 148 வரும், அதில் 15% போனால் மிஞ்சுவது 126 பேர்தான். கொத்துக்கான பெருக்கல் முதலில், இந்த வகுத்தல் அதற்குப் பிறகு.

ஆறாம் படி: மென்பொருளில் போடுங்கள்

இலவசமாகக் கிடைக்கும் ஜி-பவர் மென்பொருளைப் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். அதைத் திறந்ததும் அது கேட்கும் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் எந்தக் குடும்பச் சோதனை, பிறகு எந்தச் சோதனை, அதன் பிறகுதான் விளைவு அளவும் மற்றவையும். நான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருப்பதை அது இரண்டு பட்டியல் பெட்டிகளில் சொல்லிவிடுகிறது.

டி-சோதனையைத் தேர்ந்தால் அது தானாகவே நிரப்பி வைத்திருக்கும் அமைப்பு ஒருபக்கச் சோதனை, 95% திறன். மாற்றாமல் கணக்கிடு பொத்தானை அழுத்தினால் குழுவுக்கு 88 என்று வரும். இருபக்கம், 80% என்று மாற்றினால் 64. முன்மொழிவில் "இருபக்கச் சோதனை, 80% திறன், குழுவுக்கு 88" என்று எழுதியிருந்தால் எங்கே பிழை என்று இனி உங்களுக்கே தெரியும். தொடர் அளவீடுகளுக்கான அனோவாவில் அளவீடுகளுக்கு இடையிலான ஒட்டுறவு 0.5 என்று அதுவே நிரப்பி வைத்திருக்கும். அதையும் அப்படியே விட்டுவிடாதீர்கள்.

ஆய்வு முடிந்த பிறகு, கிடைத்த விளைவு அளவையே திரும்பப் போட்டுத் திறனைக் கணக்கிடும் வசதியும் அதில் உண்டு. அதைத் தொடாதீர்கள். அது பி மதிப்பையே வேறு வேடத்தில் காட்டும். பி மதிப்பு சரியாக 0.05 என்றால் அந்தத் திறன் எப்போதும் 50% அளவில்தான் வரும். புதிதாக எதையும் சொல்லாது.

உங்கள் சோதனைக்கு எந்த மென்பொருளிலும் பெட்டி இல்லையென்றால் உருவகப்படுத்திப் பாருங்கள். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் நாற்பது வரிகளுக்குள் முடியும். எதிர்பார்க்கும் சராசரி, சிதறல், கொத்து எல்லாவற்றையும் வைத்துப் போலித் தரவு ஒன்றை உருவாக்குங்கள். செய்யப்போகும் அதே சோதனையை அதில் ஓட்டுங்கள். இதை ஆயிரம் முறை செய்து, எத்தனை முறை பி மதிப்பு 0.05-க்குக் கீழ் வந்தது என்று எண்ணுங்கள். 800 முறை வந்தால் திறன் 80%, இரண்டரைப் புள்ளி முன்னே பின்னே. கணக்கிட்ட சோதனையும் செய்யப்போகும் சோதனையும் வேறாக இருக்க இந்த முறையில் வாய்ப்பே இல்லை. எனக்குப் பிடித்த வழி இதுதான்.

எண் கைக்கு எட்டாவிட்டால்

128 வேண்டும், 80 பேர்தான் கிடைப்பார்கள். இந்த இடத்தில் பலர் செய்வது, விளைவு அளவை 0.5-இலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே போய், 80 வந்ததும் நிறுத்துவது. அப்படி வந்த 0.63-க்கு ஒரு மேற்கோளையும் தேடிப் பிடித்துவிடுவார்கள். மேலாய்வாளர்கள் இதைச் சுலபமாகக் கண்டுபிடிப்பார்கள்.

நேர்மையாகச் செய்யக்கூடியவை உண்டு. முன்தேர்வு ஒன்றைச் சேர்த்து அன்கோவாவுக்கு மாறலாம்; ஒட்டுறவு 0.6 இருந்தால் குழுவுக்கு 41 என்று மேலே பார்த்தோம், மொத்தம் 82, உங்கள் 80-க்கு மிக அருகில். தேர்ச்சி / தோல்வியை விட்டு மதிப்பெண்ணுக்கு வரலாம். கேள்விகளைச் செம்மையாக்கி அளவீட்டுப் பிழையைக் குறைக்கலாம். எதுவும் முடியாவிட்டால், "குழுவுக்கு 40 பேருடன், 80% திறனில் எங்களால் பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச வித்தியாசம் 10 மதிப்பெண்" என்று வெளிப்படையாக எழுதுங்கள். அதைப் படிக்கிறவர் முடிவை எப்படி எடுத்துக்கொள்வது என்று தாமே தீர்மானிப்பார்.

கடைசிப் படி: எழுதி வையுங்கள்

தரவு சேகரிக்கத் தொடங்கும் முன் இதுபோன்ற ஒரு பத்தி உங்கள் முன்மொழிவில் இருக்க வேண்டும்:

"முதன்மை விளைவு பின்தேர்வு மதிப்பெண். முன்தேர்வு மதிப்பெண்ணைக் கட்டுப்பாட்டு மாறியாகக் கொண்ட அன்கோவா மூலம் இரண்டு குழுக்களும் ஒப்பிடப்படும். முந்தைய தேர்வுகளின்படி திட்ட விலக்கம் 16, முன்-பின் ஒட்டுறவு 0.6. நடைமுறையில் பொருட்படுத்தத்தக்க குறைந்தபட்ச வித்தியாசம் 8 மதிப்பெண். இருபக்க ஆல்ஃபா 0.05, திறன் 80%. குழுவுக்கு 41 பேர் தேவை. 15% விலகலைக் கருதி 49 பேர் சேர்க்கப்படுவர்."

இதை அடுத்தவர் கையில் கொடுத்தால் அதே 49 அவருக்கும் வர வேண்டும். வராவிட்டால் பத்தியில் ஏதோ ஓர் எண் விடுபட்டிருக்கிறது. தரவு வந்த பிறகு சோதனையை மாற்ற வேண்டிய நிலை உண்மையாகவே வந்தால், மாற்றுங்கள். ஆனால் இந்தப் பத்தியை அழிக்காதீர்கள். அதன் கீழே என்ன மாறியது, ஏன் மாறியது என்று தேதியோடு ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.